இடுப்பு வலியும் இயற்கை தந்த கச்சையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் மூத்தோர் வாக்கு. உடல் என்னும் சுவர் உறுதியாக நின்றால்தான் உழைப்பு, கல்வி, இல்லறம் ஆகிய சித்திரங்களை அதன்மேல் எழுத இயலும். அந்தச் சுவரில் முதலில் விரிசல் காணும் இடம் எது என்று உழைக்கும் மக்களைக் கேட்டால், பலர் வாயால் விடை கூறமாட்டார்கள். இடுப்பின் பின்புறத்தில் கையை வைத்துக் காட்டுவார்கள்.

இது நமக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர் என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். 2050ஆம் ஆண்டில் இத்தொகை 84 கோடியைத் தாண்டக்கூடும் என்றும் மதிப்பிட்டுள்ளனர். மனிதரைச் செயலற்றவராக்கும் காரணங்களுள் உலக அளவில் இதுவே முதலிடம் பெற்றுள்ளது.

நம் மக்கள் செய்யும் வேலைகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பால்மரம் சீவுபவர் விடியற்காலையில் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறார். பின்னர் நிறைந்த பால் வாளிகளைத் தூக்குகிறார். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவர் நீண்ட கழியின் முனையில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து நின்று இழுக்கிறார். விழுந்த கனத்த குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறார். உதிரிப்பழம் பொறுக்குபவர் நெடுநேரம் குனிந்தபடியே நகர்கிறார். லாரி ஓட்டுபவர் மணிக்கணக்கில் இருக்கையை விட்டு எழுவதில்லை. வீட்டில் தாய்மார்கள் குழந்தையை ஒரு பக்க இடுப்பில் சுமந்துகொண்டே மற்ற வேலைகளையும் பார்க்கிறார்கள். இவர்களுள் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி குறைகிறது. வலி தொடர்ந்தால் குடும்பத்தின் கணக்கே மாறிப்போகிறது.

வலி வந்தவுடன் சிலர் பாயில் படுத்துவிடுகிறார்கள். சிலர் தைலம் தேய்க்கிறார்கள். சிலர் துண்டையோ வார்க்கச்சையையோ இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனால், கடையில் விலை கொடுத்து வாங்க முடியாத ஒரு கச்சையை இயற்கை நம் ஒவ்வொருவர் இடுப்பையும் சுற்றிப் பிறவியிலேயே கட்டிவைத்திருக்கிறது. அதைத் தளரவிட்டால் இடுப்புக்குத் துணை குறையும். நாள்தோறும் கால்மணி நேரம் செலவிட்டு இறுக்கிவைத்தால் அது நமக்குத் துணை நிற்கும். அந்தக் கச்சை எது, அதை உறுதிப்படுத்துவது எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் நாம் காண்போம்.

முதுகெலும்பு என்னும் தூண்

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. குழந்தை பிறக்கும்போது அதில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. வளர வளர, அடிப்பகுதியில் உள்ள 9 எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து இரண்டு எலும்புகளாகி விடுகின்றன. எஞ்சிய 24 எலும்புகளும் தனித்தனியே அசையக்கூடியவை. அவற்றுள் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5. மேலுடலின் பாரம் முழுவதையும் தாங்குவதால் இடுப்புப் பகுதியில் உள்ள இந்த ஐந்தும் மற்றவற்றைவிடப் பெரியவையாக அமைந்துள்ளன.

அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் வட்டமான தட்டுகள் உள்ளன. அவற்றின் நடுவில் கூழ் போன்ற பொருளும், அதனைச் சுற்றி வளையம் வளையமாக உறுதியான நாரும் இருக்கின்றன. இத்தட்டுகள் இரவில் நாம் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பகலில் உடலின் பாரத்தால் நீரை இழந்து சற்றுச் சுருங்குகின்றன. ஆகவேதான் மாலையில் இருப்பதைவிடக் காலையில் நாம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருக்கிறோம். மாணவர்கள் வீட்டுச் சுவரில் கோடிட்டு இதனைத் தாமே அளந்து பார்க்கலாம். இச்செய்தியைப் பின்னர் மீண்டும் பயன்படுத்துவோம்; ஆதலின் நினைவில் வைத்துக்கொள்க.

இத்தகைய தூண் தனியாக நின்றால் எவ்வளவு எடையைத் தாங்கும்? 1992ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. தசைகள் யாவும் நீக்கப்பட்டு, எலும்பும் தட்டும் நாரும் மட்டும் எஞ்சிய இடுப்புப் பகுதி முதுகெலும்பின்மேல் ஆய்வாளர்கள் சிறிது சிறிதாக எடையை ஏற்றினர். ஏறக்குறைய 9 கிலோ எடையிலேயே அது வளைந்து நிலைகுலைந்தது! ஆனால் உயிருள்ள மனிதன் தன் உடலின் பாரத்தையும் சுமந்து, அதற்குமேல் அரிசி மூட்டையையும் சுமக்கிறான். இடையில் உள்ள வேறுபாட்டை ஈடுசெய்வன தசைகளே. திருவிழாவில் நடப்படும் உயரமான கம்பம், நான்கு புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளால் அல்லவா அசையாமல் நிற்கிறது? கயிறு ஒரு பக்கம் தளர்ந்தாலும் கம்பம் சாய்கிறது. அதுபோன்றதே முதுகெலும்பும்.

உள்ளே இருக்கும் கச்சை

அந்தக் கயிறுகள் எவை? வயிற்றின் ஆழத்தில், இரு பக்கமும் சுற்றி வந்து முதுகின் பின்புறத்தோடு இணையும் அகன்ற தசை ஒன்று உண்டு. அதைக் குறுக்கு வயிற்றுத் தசை என்கிறோம். இயற்கை தந்த கச்சை என்று நாம் குறிப்பிட்டது முதன்மையாக இதைத்தான். அதன்மேல் சாய்வாக ஓடும் விலாப்புறத் தசைகள் உள்ளன. பின்புறத்தில் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகளும், முதுகின் நீளத்துக்கு ஓடும் நெடுந்தசைகளும் உள்ளன. மேலே மூச்சுக்கு உதவும் உதரவிதானம் கூரையாகவும், கீழே இடுப்புக் குழியின் தசைகள் தளமாகவும் அமைகின்றன. இவை யாவும் சேர்ந்ததையே நடுவுடல் தசைகள் என்று கூறுகிறோம். பிட்டத்துத் தசைகளும் இவற்றுக்குத் துணை நிற்பவை.

மூடிய பால் டின் ஒன்றின்மேல் ஏறி நின்றால் அது நசுங்குவதில்லை. அதே டின்னைத் திறந்து, பாலை ஊற்றிவிட்டு நின்றால் நசுங்கிவிடுகிறது. தகடு ஒன்றே, உள்ளே நிறைந்திருந்ததும், நாற்புறமும் மூடியிருந்ததுமே வேறுபாடு. நடுவுடல் தசைகள் சுற்றிலும் ஒருசேர இறுகும்போது நம் வயிறும் மூடிய டின்னைப் போலாகி, முதுகெலும்பின் சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறது.

1996ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கேரொலின் ரிச்சர்ட்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. ஒருவர் கையை விரைவாக உயர்த்தும்போது, கை அசைவதற்கு முன்பாகவே அவருடைய குறுக்கு வயிற்றுத் தசை இறுகிவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். வீட்டுக்காரர் கதவைத் திறக்குமுன் காவலாளி விழித்துக்கொள்வது போன்றது அது. ஆனால் நெடுநாள் இடுப்பு வலி உடையவர்களிடம் அந்தக் காவலாளி காலந்தாழ்த்தியே விழித்தான். வலிக்கும் தசைகளின் செயலுக்கும் தொடர்பு உண்டு என்பதை இது காட்டியது.

படுத்திருந்தால் தீருமா?

இடுப்பு வலி கண்டவுடன் பாயில் படுத்து ஓய்வெடுக்கவேண்டும் என்பது நெடுங்கால நம்பிக்கை. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே கூறிவந்தனர். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் புதிதாக இடுப்பு வலி கண்ட 186 ஊழியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழுவினர் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுத்தனர். ஒரு குழுவினர் முதுகை வளைக்கும் பயிற்சிகளைச் செய்தனர். மூன்றாம் குழுவினர் வலி பொறுக்கும் அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்து செய்தனர். 1995இல் வெளியான முடிவின்படி, விரைந்து குணமடைந்தவர்கள் மூன்றாம் குழுவினரே.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை அறிகிறோம். முதலாவது, படுக்கை மருந்தாகாது. இரண்டாவது, வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களில் பயிற்சி செய்யவேண்டும் என்று உடலை வருத்தவும் வேண்டியதில்லை. மெல்ல நடந்து, இயன்ற வேலைகளைச் செய்துவந்தாலே பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் வலி தணிந்துவிடும். பயிற்சியின் காலம் அதன்பின் தொடங்குகிறது. தணிந்த வலி திரும்பி வராமல் காப்பதும், மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் பழைய வலியைக் குறைப்பதுமே அதன் பணி.

நீடித்த வலிக்கு உடற்பயிற்சி பயன் தருகிறதா என்பது பற்றி 249 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. பயிற்சி செய்யாதவர்களைவிடச் செய்தவர்களுக்கு வலி குறைந்தது என்பதே அதன் முடிவு. உலகச் சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், நீடித்த இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. இடுப்பில் கட்டும் வார்க்கச்சைகளை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. வெளிக்கச்சையைவிட உட்கச்சையே மேல் என்பது இதனால் தெளிவாகும்.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

இடுப்பு வலிகளுள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, குறிப்பிட்ட நோய் எதுவும் இல்லாமல் வருவன. ஆயினும் எஞ்சிய சிலவற்றை அலட்சியம் செய்தல் ஆகாது. கீழ்க்காணும் அறிகுறிகள் இருப்பின், பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்:

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை. இருக்கையில் படியும் உடற்பகுதி மரத்துப்போதல். கால் வலுவிழந்து, பாதம் தூக்க முடியாமல் தரையில் இழுபடுதல். இவை மூன்றும் அவசர நிலையைக் குறிப்பன. ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

இவையன்றி, காய்ச்சலோடு கூடிய முதுகு வலி, காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் கண்டிருத்தல், மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தபின் தோன்றிய வலி, இரவும் பகலும் ஓயாமல் மிகுந்துவரும் வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரின் சோதனை தேவை. கருவுற்ற தாய்மார்களும், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்டறிந்த பிறகே பயிற்சி செய்தல் வேண்டும். வேலை செய்யும்போது விழுந்து அடிபட்டிருந்தால், மருத்துவம் செய்துகொள்வதோடு அதனை முதலாளியிடம் அன்றே தெரிவிப்பதும் அவசியம். நம் நாட்டில் 1971 முதல் இயங்கிவரும் சொக்சோ அமைப்பு, சந்தா செலுத்தும் தொழிலாளர்களுக்கு வேலை விபத்துக்கான உதவிகளை வழங்குகிறது.

பயிற்சிக்கு முன்

தரையில் விரிக்க ஒரு பாய், முழங்காலுக்கு அடியில் வைக்க மடித்த துண்டு ஆகியன போதும். வயிறு நிறைய உண்டவுடன் பயிற்சி செய்யலாகாது. மூச்சை அடக்கக் கூடாது. இயல்பாக விட்டு இழுத்தல் வேண்டும். தசை களைப்பது இயல்பே. ஆனால் கூர்மையான வலி தோன்றினாலோ, வலி காலுக்குள் இறங்கினாலோ அப்பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இவற்றைச் செய்ய வேண்டா. இரவில் நீரை உறிஞ்சிப் பருத்த தட்டுகள் காலையில் விறைப்பாக இருக்கும். அந்நேரத்தில் முதுகை வளைத்தால் அவற்றின்மேல் அழுத்தம் மிகும். எழுந்தபின் முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நீடித்த வலி குறைந்தது என்று 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது. எனவே வேலை முடிந்து, குளித்து, சற்று இளைப்பாறிய மாலை நேரமே நம்மவர்க்கு ஏற்றது. விடியற்காலையில் மரம் சீவச் செல்பவர்கள், முதல் மரத்தில் குனிவதற்கு முன் சிறிது தூரம் நிமிர்ந்து நடப்பதும், தாழ்ந்த வெட்டுக்கு முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குவதும் நன்று.

பயிற்சிகள்

கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் முதுகெலும்பின் இயக்கத்தை ஆராய்ந்தவர் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில். முதுகின்மேல் குறைந்த சுமையை ஏற்றி, தசைகளுக்கு நிறைந்த வேலையைத் தரும் மூன்று பயிற்சிகளை அவர் தேர்ந்தெடுத்தார். கீழே உள்ளவற்றுள் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பயிற்சிகள் அவையே. மற்றவை அவற்றுக்குத் துணையானவை.

1. கச்சையை இறுக்குதல்: மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மடக்கிக்கொள்க. கைவிரல்களை வயிற்றின் இரு பக்கத்திலும் வைக்க. விளையாட்டாக ஒருவர் நம் வயிற்றில் குத்த வருகிறார் என்று எண்ணிக்கொண்டால் வயிறு தானே இறுகும். அந்த இறுக்கம்தான் நாம் வேண்டுவது. வயிற்றை உள்ளிழுக்கவோ வெளியே தள்ளவோ வேண்டா. 10 விநாடி அவ்வாறே வைத்து, மூச்சை விடாமல் அடக்காது, பின் தளர்த்துக. ஐந்து முறை செய்க. மற்ற எல்லாப் பயிற்சிகளுக்கும் இதுவே அரிச்சுவடி.

2. பூனையும் ஒட்டகமும்: இரு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, நாற்கால் பிராணிபோல் நிற்க. முதுகை மெல்ல ஒட்டகத்தின் திமில்போல் மேலே வளைத்து, பின் பூனை சோம்பல் முறிப்பதுபோல் கீழே தாழ்த்துக. எல்லை வரை இழுத்து நெரிக்க வேண்டா. இது இறுகிய மூட்டுகளை இளக்கும் அசைவு மட்டுமே. ஆறு அல்லது ஏழு முறை போதும்.

3. தலை தூக்குதல்: மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டி, மற்றொரு காலை மடக்குக. இரு உள்ளங்கைகளையும் இடுப்பின் கீழுள்ள குழிவில் செருகிக்கொள்க. அக்குழிவு தரையில் அழுந்தாமல் அப்படியே இருக்கவேண்டும். வயிற்றை இறுக்கி, தலையையும் தோள்களையும் ஒன்றாகத் தரையிலிருந்து சற்றே உயர்த்துக. முகவாய் மார்பில் இடிக்கக் கூடாது. தலைக்குக் கீழே ஒரு பாடநூல் செல்லும் அளவு உயர்ந்தால் போதும். 10 விநாடி நின்று இறக்குக. இடையில் கால்களை மாற்றிக்கொள்க.

4. பக்கவாட்டுப் பாலம்: ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றுக. முழங்கால்களை மடக்கிக்கொள்க. இடுப்பை உயர்த்தி, தோள்முதல் முழங்கால்வரை உடல் நேர்க்கோடாக நிற்குமாறு செய்க. 10 விநாடிக்குப்பின் இறக்குக. இரு பக்கமும் செய்தல் வேண்டும். வலிமை கூடியபின் கால்களை நீட்டி, பாதங்களை ஊன்றிச் செய்யலாம். தோள் வலி உடையவர்கள் சுவரில் முழங்கையைச் சாய்த்து, நின்றபடியே செய்யலாம்.

5. எதிர்க்கையும் எதிர்க்காலும்: மீண்டும் நாற்கால் நிலையில் நிற்க. வயிற்றை இறுக்கி, வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் ஒருசேர நீட்டுக. கால் இடுப்பின் மட்டத்துக்குமேல் உயர வேண்டா. முதுகின்மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் சிந்தாதவாறு முதுகு அசையாமல் இருக்கவேண்டும். 10 விநாடிக்குப்பின் கையையும் காலையும் மாற்றுக. கையையும் காலையும் ஒன்றாக நீட்ட இயலாதவர்கள் முதலில் காலை மட்டும் நீட்டிப் பழகலாம்.

6. இடுப்பைத் தூக்குதல்: மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மடக்குக. பிட்டத்துத் தசைகளை இறுக்கியபடி இடுப்பை மேலே தூக்குக. தோள்முதல் முழங்கால்வரை நேர்க்கோடு அமைந்தவுடன் நிறுத்துக. அதற்குமேல் முதுகை வளைக்க வேண்டா. 5 விநாடி நின்று இறக்குக. எட்டு முதல் பத்து முறை செய்க.

எவ்வளவு, எவ்வாறு?

மூன்று முதல் ஐந்து வரையுள்ள பயிற்சிகளுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. முதலில் 6 முறை, சற்று ஓய்வு, பின் 4 முறை, மீண்டும் ஓய்வு, இறுதியில் 2 முறை. களைப்பு கூடக்கூட எண்ணிக்கை குறைகிறது. ஆகவே கடைசி முறையும் ஒழுங்காக அமைகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் 3, 2, 1 என்று செய்து, இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல உயர்த்தலாம். வலிமை கூடினால் முறைகளைக் கூட்டவேண்டுமே தவிர, 10 விநாடியை நெடுநேரமாக நீட்ட வேண்டியதில்லை. இப்பயிற்சிகளின் நோக்கம் நெடுநேரம் தளராமல் தாங்கும் ஆற்றலே. பளு தூக்கும் வீரனின் வலிமை அன்று.

கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, படுத்த நிலையிலிருந்து முழுவதும் எழுந்து உட்காரும் பழைய பயிற்சியை நம்மில் பலர் பள்ளித் திடலில் செய்திருப்போம். இடுப்பு வலி உடையவர்கள் அதைத் தவிர்ப்பது நன்று. அவ்வாறு ஒருமுறை எழும்போது கீழ்முதுகின்மேல் 3,300 நியூட்டன் அளவுக்கு அழுத்தம் விழுகிறது என்று மெக்கில் கணித்துள்ளார். இது 330 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம்.

பயிற்சியோடு நடையும் சேரவேண்டும். இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து, 2024இல் அதன் முடிவை வெளியிட்டனர். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்னும் இலக்கை நோக்கிப் படிப்படியாக நடந்து, முதுகைக் காக்கும் முறைகளையும் கற்றுக்கொண்டவர்களுக்கு வலி மீண்டும் வரும் வரையில் கழிந்த காலம் நடுத்தரமாக 208 நாள். அவ்வாறு செய்யாதவர்களுக்கோ 112 நாள். நடைக்குக் காசு வேண்டா. காலணி ஒன்றே போதும்.

வேலையிடத்தில்

மாலையில் கால்மணி நேரம் கச்சையை இறுக்கிவிட்டு, பகலில் எட்டு மணி நேரம் முதுகைத் தவறாகப் பயன்படுத்தினால் பயனில்லை. அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் நெம்புகோலை இங்கே நினைவு கூர்வோம். சுமையைத் தூக்கும்போது கீழ்முதுகே சுழல்மையம். முதுகுத் தசைகள் அம்மையத்திலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே இழுக்கின்றன. 20 கிலோ எடையுள்ள செம்பனைக் குலையை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துத் தூக்கினால், அந்தக் குலைக்காக மட்டும் தசைகள் 200 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுக்கவேண்டும். அதே குலையை உடலோடு நெருக்கி 25 சென்டிமீட்டரில் பிடித்தால் 100 கிலோ போதும். சுமை குறையவில்லை, கூலியும் குறையவில்லை, முதுகின் பாடு மட்டும் பாதியாகிவிட்டது!

ஆகவே சுமையை உடலோடு ஒட்டிப் பிடிக்க. குனியும்போது முதுகை வில்லாக வளைக்காமல், பிட்டத்தைப் பின்தள்ளித் தொடைமூட்டில் மடங்குக. தூக்குமுன் முதல் பயிற்சியில் கற்றவாறு வயிற்றை இறுக்குக. சுமையோடு திரும்பவேண்டுமாயின் இடுப்பை முறுக்காமல் பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புக. ஒரே வாளியில் நிறையச் சுமப்பதைவிட இரு கைகளிலும் பகிர்ந்து சுமப்பது மேல். நெடுநேரம் குனிந்தோ அமர்ந்தோ வேலை செய்பவர்கள், அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நிமிர்ந்து, இரு கைகளையும் மேலே உயர்த்தி, ஆழ்ந்து மூச்சு விடுக. பாரம் மிகுந்ததை இருவர் சேர்ந்து தூக்குவதில் இழிவு எதுவுமில்லை.

மாணவச் செல்வங்களுக்கு

உங்கள் முதுகு இப்போது இளமரம். புத்தகப்பையின் எடை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகாமல் இருப்பது நன்று என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. 30 கிலோ எடையுள்ள மாணவருக்கு 3 கிலோ. அன்றைய அட்டவணைக்கு உரிய நூல்களை மட்டும் எடுத்துச் செல்க; பையை இரு தோள்களிலும் மாட்டுக. கைப்பேசியும் தொலைக்காட்சியும் மாலை முழுவதையும் விழுங்கிவிடாமல், திடலில் ஓடியாடுவதற்கும் நேரம் ஒதுக்குக.

உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர் தாமாகவே பாயை விரித்துப் பயிற்சி செய்வது அரிது. நீங்கள் பாயை விரியுங்கள். இக்கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அப்பா முழங்கையை ஊன்றி நிற்கும்போது ஒன்று முதல் பத்து வரை நீங்கள் எண்ணுங்கள். அம்மாவின் முதுகு அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் நீங்களும் உடன் செய்யுங்கள். எண்ணும் குரல் ஒன்று வீட்டில் இருந்தால், கைவிடப்படும் பயிற்சிகள் குறையும்.

பயிற்சி தொடங்கிய மறுநாளே வலி பறந்துவிடும் என்று நாம் கூறவில்லை. தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். சில நாள் வலி கூடும். சில நாள் குறையும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடர்க. தோட்டத்தில் மரக்கன்றை நட்டவர், நாள்தோறும் அதைப் பிடுங்கி வேரைப் பார்ப்பதில்லை. நீர் ஊற்றிக் காத்திருக்கிறார். அந்தப் பொறுமையை நம் உடலுக்கும் காட்டுவோமாக.

சிந்தித்து விடை கூறுக

1. முதுகெலும்பில் தனித்தனியே அசையும் முள்ளெலும்புகள் எத்தனை? அவற்றுள் இடுப்புப் பகுதியில் உள்ளவை எத்தனை?
2. காலையில் நாம் மாலையைவிட உயரமாக இருப்பது ஏன்?
3. நெடுநாள் இடுப்பு வலி உடையவர்களின் குறுக்கு வயிற்றுத் தசையில் காணப்பட்ட மாற்றம் யாது?
4. 15 கிலோ எடையுள்ள வாளியை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துத் தூக்கினால், அதற்காக முதுகுத் தசைகள் எவ்வளவு விசையோடு இழுக்கவேண்டும்? உடலோடு நெருக்கி 20 சென்டிமீட்டரில் பிடித்தால் எவ்வளவு?
5. எந்த அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்? வீட்டில் உள்ள அனைவருக்கும் அவற்றைச் சொல்லிக் கொடுக்க.